தாழப் பறக்கும் ஹெலிகொப்டருக்கு எந்த வரைபடம்?

பெல் 212 போன்ற பழைய இரட்டை எஞ்சின் ஹெலிகொப்டர் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அடைமழை, களுகங்கை பெருகிவிட்டது. இரத்மலானையிலிருந்து கிளம்பி இரத்தினபுரிப் பக்கம் கூரைமேல் நிற்கிறவர்களைத் தேடிப் போக வேண்டும். விமானியின் கண்முன்னே எந்த வரைபடத்தை வைப்பது? மடித்த தாளா, தொடையில் கட்டிய, ஐபேட் போன்ற டெப்பா, கருவிப் பலகையில் நிரந்தரமாகப் பொருத்திய திரையா, அல்லது புதிய போர் விமானங்களில் இருப்பதுபோல எல்லாம் ஒன்றாகப் பிணைந்த பெரிய டிஜிட்டல் முறையா?

கொழும்பில் ஏவியோனிக்ஸ் (விமான மின்னணுவியல்) படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வியைச் செயற்றிட்டமாகக் கொடுப்பது என் வழக்கம். பெரும்பாலானோர் டெப் என்பார்கள். நான் பலகையில் பொருத்திய நடுத்தரத் திரையின் பக்கம். ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். திரையைவிட எனக்குக் கவலை தருவது அதற்குள் போகிற தரவு. அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இராணுவ விமானம் என்றதும் நம்மில் பலருக்கு வேறு நினைவுகள் வரும். அதை ஒதுக்கிவைத்துவிட்டு எழுத எனக்கு மனமில்லை. வரைபடத் திரை குண்டு போடவும் உதவும், ஆளைத் தூக்கவும் உதவும். நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி. வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் வருகிற ஹெலிகொப்டர் இந்த நாட்டில் பெரும்பாலும் விமானப்படையுடையதுதான். அதிலிருந்து இறங்கும் கயிற்றைப் பிடிக்கப்போவது நம் வீட்டு ஆளாகவும் இருக்கலாம்.

வரைபடம் விமானிக்குச் சொல்ல வேண்டியவை: நான் எங்கே இருக்கிறேன், எனக்கு முன்னால் என்ன இருக்கிறது, அது என்னைவிட உயரமா. முதல் கேள்விக்குத் தவறான விடை கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மலைநாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1974 டிசம்பர் 4 அன்று, சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிவந்த மார்ட்டின்எயார் டிசி-8 விமானம் நோர்ட்டன் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் சப்த கன்னியர் மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். கட்டுநாயக்க அங்கிருந்து 70 கிலோமீற்றருக்கு மேல். விமான நிலையத்தைக் கிட்டிவிட்டோம் என்று நம்பி அவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அது பயணிகள் விமானம், காலமும் வேறு. ஆனால் மேகத்துக்குள் இருக்கும் மனிதனின் நம்பிக்கைக்கும் அவன் உண்மையில் இருக்கும் இடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் விழலாம் என்பதற்கு இதைவிடக் கனமான உதாரணம் எனக்குத் தெரியாது. விமானத்தோடு சேர்ந்து திரையில் நகரும் வரைபடம் என்று ஒன்று வந்ததே அந்தத் தூரத்தைக் குறைக்கத்தான்.

சரி, தாளிலிருந்து தொடங்கலாம். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தொடர் 92 தாள்களில் முழுத் தீவையும் காட்டுகிறது. குளம், கோயில், தோட்டத்து லயம், ஒற்றையடிப் பாதை எல்லாம் அதில் உண்டு. தாழப் பறந்து ஊர் தேடுகிறவருக்கு இவ்வளவு விவரம் வேண்டும். ஆனால் கணக்குப் பாருங்கள். 100 நொட் வேகத்தில் ஹெலிகொப்டர் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் போகும். அந்தத் தாளில் அது 6 சென்ரிமீற்றர். கால்மணி நேரத்துக்குள் ஒரு தாள் முடிந்து அடுத்ததை எடுக்க வேண்டும். கதவு திறந்திருக்கிறது, காற்றும் மழையும் உள்ளே வருகின்றன, மற்ற விமானி வானொலியில் பேசிக்கொண்டிருக்கிறார். 1:500,000 அளவுக்குப் போனால் நிமிடத்துக்கு 6 மில்லிமீற்றர்தான் நகரும், தாள் மாற்றும் தொல்லை இல்லை. ஆனால் நீங்கள் தேடும் ஊர் அதில் இருக்காது. தாளுக்கு மின்சாரம் வேண்டாம், வெயிலில் அணையாது, பென்சிலால் எழுதலாம். ‘நீ இங்கே இருக்கிறாய்’ என்று மட்டும் அது சொல்லாது.

அதைச் சொல்லவைக்க 1960களிலும் 70களிலும் செய்த வேலை அழகானது. வரைபடத்தை 35 மில்லிமீற்றர் ஃபிலிமில் படம்பிடித்து, அந்தச் சுருளைக் கருவிக்குள் வைத்து, ஒளியால் ஒரு சிறு திரையில் விழுத்துவார்கள். விமானத்தின் வழிகாட்டும் கணினி ஃபிலிமை நகர்த்தும். பிரித்தானிய ஹாரியர், ஜகுவார், அமெரிக்க ஏ-7, ஆரம்ப கால எஃப்/ஏ-18 எல்லாவற்றிலும் இந்த வகைதான் இருந்தது. படம் துல்லியம், நிறம் அருமை. ஆனால் புதிய பாலம் ஒன்று வந்தால் முழுச் சுருளையும் திரும்ப எடுக்க வேண்டும். பக்கத்து நாட்டுக்குப் போக வேண்டுமென்றால் அதற்கும் வேறு சுருள் தயாராக இருக்க வேண்டும். டிஜிட்டல் வந்து ஃபிலிமை ஓரங்கட்டியதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இந்தப் புதுப்பிக்கும் தொல்லை. இதை மனதில் வைத்திருங்கள், பின்னால் வரும்.

இனி டெப். “சேர், போன்லயே எல்லாம் வருதே. ஒரு ஐபேட்டைத் தொடையில கட்டினா முடிஞ்சுது. எதுக்கு இவ்வளவு செலவு?” என்று ஒரு தம்பி கேட்டார். கேள்வி நியாயமானது. அமெரிக்க விமானப்படையின் போக்குவரத்துப் பிரிவே 2012-இல் ஆயிரக்கணக்கில் ஐபேட் வாங்கி, விமானிகள் சுமந்து திரிந்த கனமான தாள் பைகளைக் குறைத்தது. விலை குறைவு, விமானத்தில் ஓர் ஆணிகூட அடிக்க வேண்டாம், தரவை நிமிடத்தில் மாற்றலாம். வீட்டில் இருந்தே பாதையைத் திட்டமிட்டு அப்படியே கையில் எடுத்துப் போகலாம். பறப்புக்கு முந்திய வேலைக்கு டெப்பை வெல்ல எதுவும் இல்லை என்பதுதான் என் எண்ணமும்.

பறக்கும்போதுதான் சிக்கல். ஐபேட் இயங்க ஏற்ற சூழல் வெப்பம் 35 பாகை செல்சியஸ் வரை என்று ஆப்பிளே சொல்கிறது. இரத்மலானை ஓடுபாதையோரம் நடுப்பகலில் நிற்கும் ஹெலிகொப்டருக்குள், கண்ணாடி வழியாக வெயில் நேரே விழும் இடத்தில், அந்த எல்லையைத் தாண்ட அதிக நேரம் தேவையில்லை. முதலில் திரை தானாகவே மங்கும். பிறகு வெப்பமானிப் படத்தோடு ஓர் எச்சரிக்கை வந்து வரைபடம் மறைந்துவிடும். தலைகுனிந்து பார்த்தால் உங்கள் தொடையில் கறுப்புக் கண்ணாடி மட்டும் இருக்கும். வெப்பத்தைச் சமாளித்தாலும் வெளிச்சம் போதாது. சாதாரண ஐபேட் 500 நிட்ஸ் (ஒளிர்வின் அலகு) அளவில் ஒளிரும். விமானக் கருவிகளாகவே செய்யப்படும் திரைகள் இதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. போலரைஸ்ட் குளிர்கண்ணாடி போட்டிருந்தால் சில கோணங்களில் ஒன்றுமே தெரியாது.

வாங்கும்போது பலர் கவனிக்காதது இன்னொன்று: வை-ஃபை மட்டும் உள்ள ஐபேட்டில் ஜி.பி.எஸ். கிடையாது. சிம் போடும் மாதிரியை வாங்க வேண்டும், அல்லது தனி ஜி.பி.எஸ். கருவி ஒன்றை புளூடூத்தில் இணைக்க வேண்டும்.

இராணுவப் பயன்பாட்டில் டெப்புக்கு இன்னும் பெரிய தடை இரவு. இரவுப்பார்வைக் கண்ணாடி சிவப்புக்கும் அதற்கு அப்பாலுள்ள அகச்சிவப்புக்கும் மிகக் கூர்மையானது. அதனால்தான் அந்தக் கண்ணாடியோடு பறக்கும் விமானங்களின் உள்விளக்குகள் நீலப்பச்சையாக இருக்கின்றன. டெப் செயலிகளில் ‘இரவு முறை’ என்று சிவப்பு நிறத் திரை ஒன்று வரும். வெறும் கண்ணுக்கு அது இதம், இரவுக்கண்ணாடிக்கு அதுவே எதிரி. திரையின் ஒளி முன்கண்ணாடியில் பட்டுத் தெறித்து, வெளியே இருக்கும் மலையின் விளிம்பை மறைத்துவிடும். மேலே ஒட்டும் வடிகட்டி விற்கிறார்கள். ஒட்டினால் பகலில் திரை இன்னும் மங்கல்.

பிறகு மென்பொருள். 2015 ஏப்ரலில் அமெரிக்கன் எயார்லைன்ஸின் பல விமானங்கள் கிளம்ப முடியாமல் நின்றன. விமானிகளின் ஐபேட்டில் ஒரே விமான நிலையத்தின் வரைபடம் இரண்டு தடவை ஏறிவிட்டதால் செயலி முடங்கியது. தரையில் நடந்ததால் தாமதத்தோடு போயிற்று. எல்லா டெப்பிலும் ஒரே செயலி, ஒரே தரவு இருந்தால் ஒரே நேரத்தில் எல்லாம் விழும். இரண்டாவது டெப் வைத்திருப்பது இதற்குக் காப்பு ஆகாது. இராணுவத்துக்கு இன்னொரு கவலையும் உண்டு: வலையோடு இணைந்த கருவி எங்கே போகிறது என்பது வெளியே கசியும். ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி 2017 நவம்பரில் வெளியிட்ட வெப்ப வரைபடத்தில் இராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகளே ஒளிர்வது 2018 ஜனவரியில் தெரியவந்தது.

பலகையில் பொருத்திய திரைக்கு வருவோம். இதை நான் விரும்புவதற்கு முதற்காரணம் விரல். பெல் 212-க்கு இரண்டு விசிறி இலைகள். நிமிடத்துக்கு 324 சுற்று. அப்படியென்றால் உடம்பில் விழும் உலுக்கல் விநாடிக்குப் பதினொன்று. அந்த வகை ஹெலிகொப்டரில் ஏறியவர்களுக்குப் பல்லுக்குள் அது இன்னும் இருக்கும். அந்த அதிர்வில், கையுறை போட்ட விரலால், நீட்டிய கையோடு தொடுதிரையில் ஒரு சிறு குறியைத் தொட்டுப் பாருங்கள். பக்கத்துக் குறிதான் திறக்கும். நல்ல இராணுவத் திரைகளில் சட்டத்தைச் சுற்றி உண்மையான பொத்தான்கள் இருக்கும். கட்டைவிரலைச் சட்டத்தில் ஊன்றிக்கொண்டு சுட்டுவிரலால் அழுத்தலாம். பொத்தான் ‘டக்’ என்று இறங்குவது விரலுக்குத் தெரியும்; கண் வெளியே இருக்கலாம். பெரிதாக்க, சிறிதாக்க, நிலவுயர நிறத்தைப் போட, அணைக்க என்று நாலைந்து வேலைக்குத் தனிப் பொத்தான் இருந்தாலே போதும்.

அடுத்தது, இரண்டு விமானிகளும் ஒரே படத்தைப் பார்ப்பார்கள். “வலப்பக்கக் கிளையாற்றைப் பார்” என்று ஒருவர் சொன்னால் மற்றவருக்கும் அதே கிளையாறு தெரியும். ஆளுக்கொரு டெப், ஆளுக்கொரு அளவு, ஒருவருக்கு வடக்கு மேலே, மற்றவருக்குப் போகும் திசை மேலே என்றால் இந்தப் பேச்சு நடக்காது. தாழப் பறக்கும்போது போகும் திசை மேலே இருப்பதுதான் நல்லது, திரையில் இடப்பக்கம் இருப்பது கண்ணாடிக்கு வெளியேயும் இடப்பக்கமே இருக்கும். திட்டமிடும்போதும் தரையோடு பேசும்போதும் வடக்கு மேலே இருக்க வேண்டும். திரை இரண்டையும் ஒரே அழுத்தலில் மாற்ற வேண்டும்.

மின்சாரம் விமானத்தின் 28 வோல்ட்டிலிருந்து நேரே வரும். இரவுக்கண்ணாடிக்கு ஏற்ற வடிகட்டி தொழிற்சாலையிலேயே உள்ளே போயிருக்கும். செலவு உண்டு, காலதாமதமும் உண்டு: பலகையை வெட்ட வேண்டும், மின்சுமையைக் கணக்கிட வேண்டும், வானொலிக்கும் திசைகாட்டிக்கும் தொந்தரவு தருகிறதா என்று சோதிக்க வேண்டும், எடை மாறியதைப் பதிய வேண்டும். பழைய விமானத்தில் பிரிக்கப் பிரிக்க நைந்த வயர் வெளியே வரும். இந்த வேலைகளை யாராவது ‘வெறும் பொருத்துதல்’ என்று இரண்டு வரியில் முடித்தால் அந்தத் திட்டத்தை நம்பவேண்டாம்.

நாலாவது வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஃப்-35-இல் 20 அங்குல அகலமும் 8 அங்குல உயரமும் கொண்ட ஒரே தொடுதிரை. வரைபடம், ராடார், எரிபொருள் எல்லாம் அதற்குள். டெர்ப்ரொம் போன்ற முறைகள் சேமித்துவைத்த நிலவுயரத்தையும் ராடார் உயரமானி அளப்பதையும் ஒப்பிட்டு, ஜி.பி.எஸ். இல்லாமலே இடத்தைக் கண்டுபிடிக்கும். பிரமாதமான வேலை. ஆனால் அதன் பலன் வருவது விமானத்தின் மற்றக் கணினிகளோடு பேசும்போதுதான். பழைய ஹெலிகொப்டரில் பேசுவதற்கு அங்கே யாரும் இல்லை. இதன் விலையில் பாதிக்கு நாலைந்து விமானங்களுக்கு நடுத்தரத் திரை போடலாம் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன்.

இனி தரவு. நம் நாட்டு நிலைமை வேறு நாட்டுக் கையேட்டில் இல்லாத இடம் இதுதான்.

நமது நில அளவை வரைபடங்கள் கந்தவல டேட்டத்தில் (இடங்களைக் குறிக்கும் அடிப்படைக் கணக்கில்) வரையப்பட்டவை. பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் 1830 என்ற பழைய கணக்கை எடுத்து, பிதுருதலாகலையை மையமாக்கி, கட்டங்களை இழுத்திருக்கிறார்கள். ஜி.பி.எஸ். பேசுவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறு கணக்கில். ஒரே அகலாங்கையும் நெட்டாங்கையும் இரண்டிலும் குறித்தால் புள்ளிகள் 200 மீற்றர் அளவில் விலகி விழும். இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. பழைய கட்டத்தில் மையத்துக்குக் கொடுத்த எண் 200,000, புதிய கட்டத்தில் 500,000. இந்த இரண்டையும் மாற்றிப்போட்டால் ஊர் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தள்ளிக் கடலுக்குள் போய்விடும். யாரும் உடனே கண்டுபிடிப்பார்கள். டேட்டத்தை மாற்ற மறந்தால் 200 மீற்றர்தான் பிழை. படம் சரியாகத் தெரியும், ஆறு இருக்கும், பாலம் இருக்கும், ஹெலிகொப்டர் குறி மட்டும் அக்கரையில் நிற்கும். பெருவெள்ளத்தில் எல்லாம் ஒரே பழுப்பு நீர். அந்த 200 மீற்றரைக் கண்ணால் திருத்திக்கொள்ள அடையாளம் எதுவும் மிஞ்சியிருக்காது. உதவி கேட்கிறவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் இடக்குறி ஜி.பி.எஸ். கணக்கில் வருகிறது, பிரதேச செயலகத்தில் ஒருவர் தாளைப் பார்த்து எழுதித்தரும் கட்ட எண் பழைய கணக்கில் வருகிறது. திரை இரண்டையும் வாங்கி, எது எது என்று கேட்டு, மாற்றிக் காட்ட வேண்டும். விற்க வருகிறவரிடம் நான் கேட்கச் சொல்லும் முதற்கேள்வி இது. “உள்ளூர் டேட்டத்தைச் சேர்க்கலாமா?” என்று கேட்டதும் கைப்பேசியை எடுத்து யாரையோ அழைக்கத் தொடங்கினால், அவர் அடுத்த வாரம் வரட்டும்.

இரண்டாவது, உயரத் தரவு. 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ராடாரால் அளந்த நிலவுயரங்கள்தான் இன்று பல திரைகளுக்கு அடிப்படை. நம் தீவும் அதில் அடக்கம், ஏறத்தாழ 30 மீற்றருக்கு ஒரு புள்ளி. சிவில் திரைகளில் உங்கள் உயரத்துக்கு 100 அடிக்குள் வரும் நிலம் சிவப்பாகவும், அதற்குக் கீழே 1,000 அடி வரை மஞ்சளாகவும் தெரியும். மலைநாட்டில் இது உயிர்காக்கும் நிறம். ஆனால் அந்தத் தரவு மலையைத்தான் அளந்தது; அதற்குமேல் ஓடும் கம்பியை அளக்கவில்லை. லக்சபான பக்கமிருந்து கொழும்பை நோக்கி வரும் உயர் அழுத்த மின்கம்பிகள் பள்ளத்தாக்குகளைக் குறுக்கே தாண்டுகின்றன. ஹெலிகொப்டர் மேகத்துக்குக் கீழே ஒதுங்கி ஆற்றோரமாக வரும் உயரமும் அதுதான். திரையில் தடை எதுவும் இல்லை என்று தெரியும் இடத்தில் கம்பி இருக்கும்.

1998 பெப்ரவரி 3 அன்று இத்தாலியின் கவலேசேயில் அமெரிக்க மரைன் படையின் ஈஏ-6பி விமானம் கேபிள் காரின் கம்பியை அறுத்து 20 பேர் இறந்தார்கள். அனுமதித்த உயரத்துக்கு மிகக் கீழே, மிக வேகமாகப் பறந்தது பெரிய குற்றம். அதோடு, விமானிகளிடம் இருந்த அமெரிக்க வரைபடத்தில் அந்தக் கம்பியும் இல்லை. எவ்வளவு விலை உயர்ந்த திரையானாலும் அதே தரவைப் போட்டிருந்தால் அதே வெற்றிடத்தைத்தான் இன்னும் பளிச்சென்று காட்டியிருக்கும்.

ஆகவே பணத்தை நான் இப்படிச் செலவழிப்பேன். முதலில் மின்கோபுரம், தொலைத்தொடர்புக் கோபுரம், கேபிள் எல்லாவற்றின் இடமும் உயரமும் சேர்ந்த ஒரு பட்டியல். மின்சார சபையிடமும் நில அளவைத் திணைக்களத்திடமும் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமும் துண்டு துண்டாக இருப்பதை ஒரே டேட்டத்துக்குக் கொண்டுவரும் வேலை அது. பிறகு திரை. கம்பி 500 மீற்றருக்குள் வந்தால் காதிலும் ஒலி கேட்கவேண்டும். இதைச் செய்யாத திரையை வேண்டாம் என்பேன். டெப்பைத் தரையில் திட்டமிடவும் பின்னால் இருக்கும் மீட்பாளர் கையிலும் கொடுக்கலாம். தாளை விடமாட்டேன்: ஜி.பி.எஸ். சமிக்ஞையை மறைப்பதும் பொய்யாக அனுப்புவதும் இப்போது மலிந்துவிட்டது. எனவே பாதையைப் பென்சிலால் வரைந்து, நிமிடத்துக்கு 6 சென்ரிமீற்றர் என்று கோடு போட்ட ஒரு தாள் முழங்காலுக்குக் கீழே இருக்கட்டும்.

ஹெலிகொப்டர் இரண்டு மூன்று வருடத்தில் ஓய்வுபெறப் போகிறதென்றால் என் விடை மாறும். அப்போது பலகையை வெட்டுவது வீண். பலகையோரம் தாங்கியில் பூட்டிய, விசிறி வைத்துக் குளிராக்கும், வெளி ஜி.பி.எஸ். உள்ள டெப் போதும். பறப்பும் பகலில் மட்டும். கம்பிப் பட்டியலின் செலவை அப்போதும் குறைக்கமாட்டேன், அது அடுத்த விமானத்துக்கும் போகும்.

உலகம் முழுவதும் விமானத் தரவு 28 நாளுக்கு ஒரு தடவை புதுப்பிக்கப்படுகிறது. நம் கம்பிப் பட்டியலும் அதே நாளில் புதுப்பிக்கப்பட வேண்டும். அதை எந்தப் பதவியில் இருப்பவர் செய்வார், அவர் விடுமுறையில் போனால் யார் செய்வார் என்பது கொள்முதல் கோப்பின் முதற்பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். என் மாணவர்களின் செயற்றிட்டத்தில் அந்த வரி இல்லாவிட்டால், திரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.